கேளுங்கள், சொல்கிறோம்: குப்பைக் கிடங்கு

பல ஊர்களின் குப்பை ஒரே இடத்துக்கு வந்து சேரும் வட்டாரக் கிடங்குகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: பள்ளம் தோண்டி, கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினால் முடிந்தது. அடியில் விரிப்பு, களிமண், சரளை என்று இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

ப: குப்பைக்குள் இறங்கும் மழைநீர், வழியில் கிடைத்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு கரும்பழுப்புச் சாறாக அடியில் வந்து நிற்கும். புதுக் குப்பையின் சாற்றில் அமிலம் அதிகம். ஆண்டுகள் போனால் அமிலம் தணியும், அம்மோனியா மிஞ்சும். எந்த வயதில் இறங்கினாலும் நிலத்தடி நீர் கெட்டதுதான்.

அதனால்தான் கெட்டிப்படுத்திய களிமண் 60 செ.மீ., அதன்மேல் எச்.டி.பி.இ. என்னும் அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கால் ஆன 1.5 மி.மீ. விரிப்பு, அதன்மேல் 30 செ.மீ. சரளை, சரளைக்குள் துளையிட்ட குழாய்கள் என்று போடுகிறார்கள். விரிப்பு இருக்க களிமண் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் விரிப்பில் எங்கோ ஓர் ஊசித்துளை விழும். அடியில் களிமண் ஒட்டிக்கொண்டு இருந்தால் அந்தத் துளைவழிக் கசிவு மிகவும் குறைந்துவிடும். களிமண்ணை மட்டும் நம்பினால், மூடுவதற்குள் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும்.

விரிப்பின்மேல் தேங்கும் சாறு 30 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. தேக்கம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். சின்னத் துளையே பெரிய கசிவாகும். சாற்றை வெளியே இறைக்கும் பம்ப் பழுது என்று ஒரு வாரம் விட்டுவைப்பது அற்ப விஷயமல்ல. குழாய்களில் வண்டலும் சுண்ணாம்புப் படிவும் அடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது உயர் அழுத்த நீர் விட்டுக் கழுவ வேண்டும்.

விரிப்பு கிழிவது பெரும்பாலும் தொடக்க நாட்களில். ஒரு இரும்புக் கம்பி செங்குத்தாக விழுந்தாலே போதும். ஆகவே அடியிலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரம் வரும்வரை, கட்டையும் கம்பியும் பொறுக்கி எடுத்த வீட்டுக் குப்பையை மட்டும் போட வேண்டும். அதன்மேல் குப்பையை அழுத்தி இறுக்கும் பல் சக்கர வண்டியான கம்பாக்டரை ஏற்றக் கூடாது. புல்டோசரால் மெதுவாகத் தள்ளினால் போதும்.

கே: தினமும் சாயங்காலம் மண் போடுவதால் இடமும் வீண், மண்ணும் வீண். வாரம் ஒரு தரம் போட்டால் ஆகாதா?

ப: ஆகாது. அந்த 15 செ.மீ. மண்தான் ஈ, எலி, பறவை, நாற்றம், நெருப்பு, காற்றில் பறக்கும் பைகள் எல்லாவற்றையும் ஒரே வேலையில் அடக்குகிறது. இடம் வீணாவது உண்மைதான். அதற்கு வழி, கொட்டும் முகப்பைச் சிறிதாக வைத்துக்கொள்வது. லாரிகள் இடிக்காமல் கொட்ட எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவே திறந்திருக்கட்டும். பாதி முகப்புக்குப் பாதி மண்.

குப்பையை 60 செ.மீ. தடிமனுக்கு மேற்படாமல் பரப்பி, மூன்று மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், மூன்று முதல் ஐந்து தடவை கம்பாக்டரை ஓட்டுங்கள். அதற்குமேல் ஓட்டினால் டீசல்தான் இறங்கும், குப்பை இறங்காது. அவசரத்தில் ஒன்றரை மீட்டர் குவியலாகத் தள்ளி அதன்மேல் எத்தனை முறை ஓட்டினாலும் மேல்தோல் மட்டும் இறுகும், உள்ளே பஞ்சாகவே கிடக்கும். பிறகு அங்கேதான் பள்ளம் விழும். மண் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கனத்த தார்ப்பாயை இரவில் போர்த்திக் காலையில் சுருட்டலாம். பலத்த காற்று நாட்களில் மட்டும் மண்ணே.

கே: மழை விட்ட இரண்டு நாளில் மேட்டின் பக்கச் சரிவில், பாதி உயரத்தில், கறுப்பு நீர் கசிகிறது. அடிக்குழாய் நன்றாகத்தான் ஓடுகிறது. களிமண் வைத்து அடைத்தால் பக்கத்தில் வேறோர் இடத்தில் வருகிறது.

ப: அடைத்தால் அப்படித்தான் வரும். உள்ளே போட்ட மண் அடுக்குகள்தான் காரணம். தினசரி மூடலுக்குக் களிமண் கலந்த மண்ணைப் பயன்படுத்தி, மறுநாள் அதைச் சுரண்டாமல் அப்படியே அதன்மேல் குப்பை கொட்டியிருப்பார்கள். அந்த அடுக்கு ஒரு தட்டு மாதிரி நீரைத் தாங்கிக்கொள்ளும். கீழே போக வழியில்லாத நீர் பக்கவாட்டில் நடந்து சரிவில் வெளியே வரும்.

கசியும் இடத்திலிருந்து மேட்டின் உள்பக்கமாகத் தோண்டி, அந்தத் தட்டை உடைத்து, பள்ளத்தைச் சரளையால் நிரப்பி நீருக்குக் கீழ்நோக்கி வழிவிட வேண்டும். பிறகுதான் வெளிவாயைக் களிமண்ணால் மூடுவது. குப்பை மக்கும்போது உண்டாகும் எரியும் வாயுவும் (மீத்தேன்) அந்த வழியாகவே வரும், ஆகவே தோண்டும்போது நெருப்பும் பீடியும் கிட்டே வரக் கூடாது. இனிமேல் காலையில் முதல் வேலையாக முந்தைய நாள் மண்ணைச் சுரண்டி ஒதுக்குங்கள். அதே மண் சாயங்காலத்துக்கும் உதவும்.

கே: ஒரு மூலையில் தீயே இல்லாமல் புகை வருகிறது. தரையும் உள்வாங்கியிருக்கிறது. தண்ணீர் லாரியை வரவழைக்கலாமா?

ப: வேண்டாம். அடியில் கனல் இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் தனக்கொரு வழி செய்துகொண்டு கனலைச் சுற்றிப் போய்விடும், சாறுதான் பெருகும். உள்ளே எரிந்து வெற்றிடமாகியிருப்பதால் அந்த இடத்தில் ஆளோ வண்டியோ ஏறினால் உள்ளே போகும். முதலில் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

கனலுக்கு வேண்டியது காற்று. அது எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வாயுக் கிணறுகளை, அதாவது மேட்டுக்குள் இருக்கும் வாயுவை வெளியே இழுக்க இறக்கிய குழாய்களை, அளவுக்கு மீறி உறிஞ்சுவதுதான் காரணம்: மீத்தேன் வரும் வேகத்தைவிட அதிகம் இழுத்தால், மேல்மண்ணின் வெடிப்புகள் வழியே வெளிக்காற்று உள்ளே போகும். கிணற்று வாயுவில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டினாலோ, வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ அந்தக் கிணற்றின் வால்வைக் குறைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு 1000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) மேல் காட்டினால் உள்ளே எரிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கக் கிணறுகளை மூடி, ஓரத்திலிருந்து தொடங்கி மண்ணைத் தள்ளி இறுக்கி, ஒவ்வொரு வெடிப்பையும் அடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாரக்கணக்கிலும் ஆகலாம்.

முகப்பிலேயே தீ தெரிந்தால் கதை வேறு. எரியும் குப்பையை வெறும் தரைக்கு இழுத்துப் பரப்பி, அங்கே நீரோ மண்ணோ போட்டு அணைக்கலாம். புகைந்துகொண்டே வரும் லாரிக்கென்று வாசல் அருகே ஒரு காலியிடம் எப்போதும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கே: வீட்டில் நாங்கள் பிரித்து என்ன ஆகப் போகிறது? கடைசியில் எல்லாம் ஒரே மேடுதானே.

ப: மேலே சொன்ன தீ பல சமயம் உங்கள் வீட்டுக் கூடையில்தான் தொடங்குகிறது. பழைய மின்சாரப் பல்துலக்கி, பாட்டு பாடும் பொம்மை, சார்ஜ் ஏற்றும் விளக்கு, இவற்றுக்குள் லித்தியம் பேட்டரி இருப்பது பலருக்கு நினைவே வராது. கம்பாக்டரின் இரும்புப் பல் அதைக் குத்தினால் உள்ளே ஷார்ட் ஆகி, சில விநாடிகளில் தீ. பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். வீங்கியிருந்தால் அழுத்தாமல், ஒரு உலோக டப்பாவில் மணல் போட்டு அதற்குள் வையுங்கள்.

ஊசிகளைக் கனத்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடியை இறுக்கித் தனியே கொடுக்க வேண்டும். குழல் விளக்கில் பாதரசம் உண்டு, உடைக்காதீர்கள். என்ஜின் ஆயிலைத் தனிக் கேனில் வைத்தால் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீரோ பெயின்டோ கலந்துவிட்டால் அதுவும் இல்லை. நீரில் கரையும் பெயின்ட் மிஞ்சினால் மரத்தூளைக் கலந்து, கெட்டியானபின் போடலாம்.

கே: மக்கும் குப்பை எப்படியும் மக்கிவிடுமே?

ப: காற்றும் ஈரமும் இருந்தால். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1973-இல் தொடங்கிய குப்பை ஆய்வுத் திட்டத்தினர் பிறகு கிடங்குகளைத் தோண்டிப் பார்த்தபோது, பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்களைப் படிக்க முடிந்தது. ஈரம் இருந்தாலும் காற்றில்லாத இடத்தில் மக்குவது மீத்தேனாக வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். உணவுக் கழிவை உரக்குழியில் போடுங்கள்.

கே: முழு டயரை ஏன் வாங்க மறுக்கிறார்கள்?

ப: உள்வளையத்தில் வாயு அடைபட்டு, ஆண்டுகள் கழித்து மேலே மிதந்து வந்து மூடிய மண்ணைப் பிளக்கும். துண்டாக வெட்டித் தந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கே: நாற்றம் இல்லையென்றால் சாற்றுத் தொட்டிக்குள் இறங்கலாமா?

ப: மீத்தேனுக்கு வாசமே கிடையாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். அழுகிய முட்டை வாசம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது, 100 பி.பி.எம். அளவில் அது மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். வாசம் திடீரென்று நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று பொருளல்ல. வாயு மானி வைத்து அளக்காமல், வெளியிலிருந்து இழுக்கும் கயிறும் கப்பியும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற என்று பின்னாலேயே குதிக்கவும் வேண்டாம். இப்படிப்பட்ட குழிகளில் இரண்டாவதாக இறங்கியவரும் சேர்ந்தே சாகிறார்.