அம்மம்மாவின் ஸ்திரிக்கைப் பெட்டியைத் தொடர்ந்து பாவிக்கலாமா?

கேள்வி: அம்மம்மா அறுபதுகளில் வாங்கிய ஸ்திரிக்கைப் பெட்டியும் மேசை மின்விசிறியும் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. நாங்கள் வாங்கும் புதியவையோ சில வருடங்களிலேயே பழுதாகின்றன. பழையவற்றையே பாவிப்பதில் ஆபத்து உண்டா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டையும் வீசிவிட வேண்டாம். ஆனால் ஸ்திரிக்கைப் பெட்டியைப் பரிசோதிக்கும்வரை தயவுசெய்து பிளக்கில் செருகாதீர்கள்.

அக்காலத்து வார்ப்பிரும்பு இன்னும் பல்லாண்டுகள் உழைக்கும். முதலில் கெடுவது வயர்தான். துணி போர்த்திய பழைய வயருக்குள் இருக்கும் இறப்பர் சூட்டில் காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். மேலே துணி அப்படியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இணைப்பைக் கழற்றிவிட்டு, வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மெல்ல வளைத்துப் பாருங்கள்; நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த வயரின் காலம் முடிந்துவிட்டது. கடலோர உப்புக் காற்று உள்ளே உள்ள இணைப்புகளையும் அரித்திருக்கக்கூடும்.

பிளக்கில் இரண்டு முள் மட்டும்தானா? அப்படியானால் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுசெல்லும் வயர், இல்லை. உதிர்ந்த வயர் உலோக உடலைத் தொட்டால், வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் நிற்பவர் 230 வோல்ட்டைத் தொடுகிறார். தகுதியுள்ள மின்னியலாளரிடம் கொடுத்து, வெப்பம் தாங்கும் மூன்றிழை வயரும் 13 அம்பியர் பிளக்கும் போடச் சொல்லுங்கள். பழைய நிறங்களை நம்பி அவர் இணைக்கக்கூடாது: பிரித்தானியச் சாதனங்களில் மின்னோட்டம் வரும் வயர் சிவப்பு, பழைய ஜேர்மன் சாதனங்களிலோ எர்த்தே சிவப்பு. மீற்றர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு 500 வோல்ட்டில் காப்புத் தடையை, அதாவது மின்சாரம் உடலுக்குக் கசியாமல் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை, அளக்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் திருப்பி வாங்கிப் பாவிக்காதீர்கள்.

பெட்டியைச் செருகியதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், மின்சாரம் எங்கோ கசிகிறது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வேறு இணைப்பிலிருந்து வயர் இழுத்துப் பாவிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது.

பெட்டியை வீட்டில் திறக்கவும் வேண்டாம். அக்காலத்துச் சூடேற்றிகளில் அஸ்பெஸ்டஸ் தகடு வைப்பது வழக்கமாக இருந்தது. சாம்பல் வெள்ளையாக, நார் நாராகத் தெரிந்தால் சுரண்டாமல், ஊதாமல் மூடி, வயரை வெட்டி அலங்காரப் பொருளாக வைத்துவிடுங்கள். வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாத பெட்டியென்றால் பழுதில்லாவிட்டாலும் நான் பாவிக்கச் சொல்லமாட்டேன்.

மின்விசிறி பற்றி எனக்குக் கவலை குறைவு. வயரை மாற்றி, எர்த் கொடுத்து, எண்ணெய் விட்டால் ஓடும். கூண்டின் கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் மட்டும், உலோக இறக்கைகளில் பிள்ளைகளின் விரல் படாத உயரத்தில் வையுங்கள்.