நிதி திரட்டும் விழா: மெல்லிசைக் கச்சேரியா, மொய்விருந்தா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்துள்ள 120 வீடுகள் கொண்ட குடியிருப்பின் நலச்சங்கச் செயலாளர் நான். வசதியற்ற புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு 3 லட்சம் ரூபாய் திரட்டித் தர எண்ணியுள்ளோம். வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்பதைவிட, எல்லோரும் மகிழ்ச்சியாகக் கூடும் ஒரு நாள் விழாவாக நடத்தலாம் என்பது பலரின் விருப்பம். டிக்கெட் வைத்து மெல்லிசைக் கச்சேரி, உணவுக் கடைகள், பரிசுக் குலுக்கல் என்று திட்டமிட்டிருக்கிறோம். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். எல்லாப் பணத்தையும் பொருளாளரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்லலாமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: கச்சேரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் திரட்ட நினைக்கும் தொகையைப் பெருமளவு விழுங்கப்போவது அதுதான். 300 பேர் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினால் வரவு 1,50,000 ரூபாய். இசைக்குழு, ஒலிபெருக்கி, விளக்கு, மேடை, நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் ஆகிறது என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், நோயாளிக்குப் போய்ச் சேர்வது 50,000 ரூபாய் மட்டுமே. அன்று மழை பிடித்துக்கொண்டால் அதுவும் மிஞ்சாது. எம்.எஸ்.சுப்புலட்சுமி பல பத்தாண்டுகளாகப் பொதுக்காரியங்களுக்குக் கச்சேரி செய்து நிதி திரட்டித் தந்ததும், 1974இல் அவருக்குப் பொதுச்சேவைக்கான மகசேசே விருது கிடைத்ததும் உண்மையே. ஆனால் அந்த வகை நிதிக் கச்சேரியின் பொருளாதாரம் கலைஞர் தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளாததில் இருக்கிறது. பேசிய தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு வரும் குழுவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பாட்டு வேண்டுமென்றால் உங்கள் குடியிருப்பிலேயே பாடுகிறவர்கள் இருப்பார்கள். தெரியாத பாடகரின் பாட்டைவிட, மூன்றாம் மாடி வங்கி அதிகாரி மேடையேறிப் பாடுவதைக் கேட்கத்தான் அக்கம்பக்கத்தார் அதிகம் வருவார்கள்.

ஆகவே, விழாவின் செலவையும் விழாவில் திரளும் நிதியையும் ஒன்றோடொன்று கலக்காதீர்கள். பந்தல், நாற்காலி, சமையல் பொருள் ஆகியவற்றுக்கான செலவை முன்கூட்டியே சில புரவலர்களிடமோ சங்கத்தின் பொதுநிதியிலிருந்தோ (பின்னதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்) பெற்றுவிட வேண்டும். அப்போதுதான் விழாவுக்கு வருபவரிடம், 'நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் அறக்கட்டளைக்கே போகிறது' என்று கூசாமல் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிகிற விழாவில் மக்கள் தாராளமாகத் தருகிறார்கள். நாற்காலி வாடகைக்குத் தன் பணம் போகிறதோ என்ற ஐயம் எழுந்துவிட்டால் 500 ரூபாய் எடுக்க வந்த கை 100 ரூபாயோடு நின்றுவிடும்.

செலவு குறைவாகவும் கலகலப்பு மிகுதியாகவும் உள்ள வழி நம்மிடமே இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய்விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே அது கொடுத்து வாங்கும் கடன்முறை. இன்று ஒருவரிடம் பெற்ற மொய்யை நாளை அவர் விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை நீக்கி வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அருமையான நிதி திரட்டும் முறை கிடைக்கிறது. 2024இல் வயநாட்டு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை இப்படித்தான் மொய்விருந்து நடத்தியது. சாப்பாட்டுக்கு விலை கிடையாது, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மனம்போல் மொய் செய்யலாம் என்று அறிவித்துவிட்டால், டிக்கெட் விலை என்ற உச்சவரம்பு நீங்கிவிடுகிறது. 500 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய்தான் வரும். மொய்யில் 200 கொடுப்பவரும் இருப்பார், 10,000 கொடுப்பவரும் இருப்பார்.

மொய் எழுதும் மேசையை மட்டும் சற்றுக் கவனமாக அமையுங்கள். கல்யாண வீட்டில் செய்வதுபோலவே ஒருவர் எழுத, மற்றொருவர் பணத்தை எண்ணிப் பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும். இரண்டு வேலையையும் ஒருவரே செய்யக் கூடாது. நோட்டில் பெயர், வீட்டு எண், தொகை ஆகியவற்றோடு, ரொக்கமா இணையவழியா என்பதற்கு ஒரு பத்தியும், பான் எண்ணுக்கு ஒரு பத்தியும் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இணையவழியில் செலுத்தியவருடைய பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொண்டால், பிறகு வங்கிக் கணக்கோடு ஒப்பிடும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. தொகையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. அது சிலரை உற்சாகப்படுத்தும் என்றாலும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் காவலாளியும் தயங்கித் திரும்பிப் போகவும் அதுவே காரணமாகிவிடும்.

விருந்துக்குப் பிறகு ஏலம் வையுங்கள். தென்மாவட்டத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை நாளன்று காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் கோழியும் ஏலத்துக்கு வரும்; கடைவீதியில் சில நூறு ரூபாய் பெறும் பொருள் அங்கே பல மடங்குக்குப் போகும்; எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு. உங்கள் குடியிருப்பில் பேர்பெற்ற பாட்டி ஒருவர் போட்ட ஆவக்காய் ஜாடி, சிறுவன் வரைந்த படம், ஒரு மாதம் மாலையில் கணக்குச் சொல்லித்தர ஒப்புக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் நேரம் என்று விலைக்கு வாங்க முடியாதவற்றை ஏலத்துக்கு எடுங்கள். வாய்ச்சாலகமுள்ள ஒருவரைப் பிடித்து, 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று இழுத்து இழுத்துச் சொல்ல வைத்தால் கச்சேரிக்கு ஏங்க வேண்டியதில்லை. கேட்கும் தொகையை உடனே வாங்கிவிடுங்கள். 'நாளைக்குத் தருகிறேன்' என்பதில் ஒரு பகுதி வராது.

பரிசுக் குலுக்கலை அடியோடு கைவிடுங்கள். மேலைநாட்டு நிதி திரட்டல் கையேடுகளில் அது முதல் யோசனையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. அரசின் அனுமதியற்ற லாட்டரியை நடத்துவதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஏ பிரிவு குற்றமாக்கியிருந்தது, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவும் அவ்வாறே சொல்கிறது. நோக்கம் நல்லது என்பதால் சீட்டு விற்றுக் குலுக்குவது வேறொன்றாகிவிடாது. பணம் கட்டி ஆடும் தம்போலா என்ற எண் விளையாட்டையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பது நல்லது. திறமையைச் சோதிக்கும் கோலம், பணியாரம், பல்லாங்குழிப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கி, பரிசாகக் கடைக்காரர் ஒருவர் நன்கொடையாகத் தந்த பாத்திரத்தைக் கொடுப்பதில் சிக்கல் இல்லை.

பொருளாளரின் கைப்பேசி எண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு தனிநபரின் கணக்கில் சில லட்சங்கள் வந்து போவது அவருடைய வரிக் கணக்கில் கேள்விகளை எழுப்பும். கொடுத்தவருக்கும் அறக்கட்டளையின் ரசீது கிடைக்காது, ஏனெனில் அவர் பணம் கொடுத்தது பொருளாளருக்கு. அறக்கட்டளையின் சொந்த வங்கிக் கணக்குக்குரிய க்யூஆர் அட்டையை அவர்களிடமிருந்தே வாங்கி, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, திரையில் அறக்கட்டளையின் பெயர்தான் வருகிறதா என்று உறுதிசெய்த பின்னர் மேசையில் வையுங்கள். விழாவுக்கு அவர்களுடைய பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்துப்பூர்வமான அனுமதியும், பதிவுச் சான்றிதழ், பான், வரிவிலக்கு அங்கீகாரம் ஆகியவற்றின் நகல்களும் முதலிலேயே உங்கள் கையில் இருக்க வேண்டும். கேட்டதும் தயங்காமல் தருகிற அறக்கட்டளையோடு மட்டும் மேலே பேசுங்கள்.

வரிவிலக்கைப் பற்றி மிகையாக விளம்பரம் செய்ய வேண்டாம். 80ஜி என்று நாம் பழகிய, நன்கொடை தருபவருக்கான அந்த வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே உண்டு. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் பழைய வரிமுறையிலும் கிடைக்காது. ஆகையால் பெரிய தொகை தருபவர்களைக் காசோலைக்கோ இணையவழிக்கோ திருப்பிவிடுங்கள். ஏலத்தில் பொருள் வாங்கிய தொகையும் போட்டிக்கான நுழைவுக் கட்டணமும் ஒன்றைப் பெற்றுக்கொண்டு கொடுத்தவை; அவற்றை நன்கொடை ரசீதில் சேர்க்கச் சொல்லி அறக்கட்டளையை வற்புறுத்தாதீர்கள். பெயரில்லாமல் உண்டியலில் விழும் பணத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது: மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் போகும் பெயரற்ற நன்கொடைக்கு அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட வேண்டிவரும். உண்டியலைச் சிறுவர்களின் சில்லறைக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களை மொய் மேசைக்கு அழைப்பதே சரி.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் பாஸ்போர்ட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு அயல்நாட்டில் வேலை செய்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவரிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறும் அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவும், அதற்கென்று பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் கணக்கும் இருக்க வேண்டும். மகன் அப்பாவின் கணக்குக்கு அனுப்பி, அப்பா மொய் எழுதுவது என்ற குறுக்குவழியை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது அறக்கட்டளையின் பதிவுக்கே ஆபத்தாக முடியலாம்.

புரவலர்களைத் தேடும்போது புகையிலை, பான்மசாலா தொடர்பான நிறுவனங்களைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புகையிலைப் பொருள்களின் விளம்பரத்தையும் அவற்றின் பெயரில் புரவலராக இருப்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அவ்வளவாகக் கண்ணில் படாத ஆபத்து வேறொன்று. 'புற்றுநோயை வேரோடு குணப்படுத்தும்' என்று சூரணமோ சாறோ விற்பவர் ஸ்டால் கேட்டு வருவார், கேட்ட வாடகையைத் தரவும் தயாராக இருப்பார். புற்றுநோய்க்கு அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் விழாவில் பார்த்ததை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், திரட்டிய 3 லட்சத்தால் அதை ஈடுசெய்ய முடியாது.

3 லட்சம் எதற்கு என்பதையும் விழாவுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்போது தனியாக நிதி ஏன் என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளும். வெளியூரிலிருந்து வந்த நோயாளியும் துணைக்கு வந்தவரும் சென்னையில் தங்கவும் சாப்பிடவும் வேண்டும், அத்தனை நாளும் இருவருக்கும் கூலி இல்லை. சிகிச்சைக்குக் காப்பீடு இருந்தும் பாதியில் ஊர் திரும்புகிறவர்களின் கதையில் இந்தச் செலவு இருக்கிறது. ஒருவர் ஒரு வாரம் தங்க எவ்வளவு, வீட்டுக்குப் போய்வரும் பயணத்துக்கு எவ்வளவு என்று அறக்கட்டளையிடம் கேட்டு, அந்தத் தொகைகளை மொய் மேசைக்கு மேலே பெரிதாக எழுதி வையுங்கள். இது புது வழக்கமும் அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், பொதுமக்களிடம் திரட்டிய நிதியையும் கொண்டுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது.

ஆனால் நோயாளி ஒருவரை மேடையேற்றிப் பேசவைப்பதோ, முடி கொட்டிய குழந்தையின் படத்தைப் பதாகையில் போடுவதோ வேண்டாம். உதவி பெறுகிறவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பதால் அவர் தரும் சம்மதத்துக்கு முழு மதிப்பில்லை. அறக்கட்டளையின் மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் பத்து நிமிடம் பேசினால் போதும்.

நாள் குறிப்பதில், கடலோர மாவட்டமான உங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பொங்கல் முடிந்து, மார்ச் பொதுத்தேர்வுகள் தொடங்கும் முன், பிப்ரவரி 4ஆம் தேதியான உலகப் புற்றுநோய் தினத்தை ஒட்டிய ஞாயிறு மாலை பொருத்தமாக இருக்கும். ஒலிபெருக்கிக்குக் காவல்துறையிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்; இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும்; மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் இருந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். சமையலை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண் உள்ள சமையல்காரரிடம் ஒப்படையுங்கள். வெளியாட்களுக்கு டிக்கெட் விற்கும் எந்த நிகழ்ச்சிக்கும் கேளிக்கை வரி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. மொய்விருந்தில் டிக்கெட்டே இல்லாததால் அந்த அலைச்சலும் பெரும்பாலும் இராது.

விழா முடிந்த இரவே, மேசையில் இருந்தவர்கள் அல்லாத இருவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து எண்ணி, நோட்டின் கூட்டுத்தொகையோடு சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். மறுநாள் வங்கி வேலை நாளாக இருந்தால் ரொக்கத்தை அறக்கட்டளையின் கணக்கிலேயே செலுத்திவிட்டு, செலுத்துச் சீட்டின் நகலையும் செலவுக் கணக்கையும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நன்கொடையாளர் பட்டியலைப் பான் எண்களோடு ஒரு வாரத்துக்குள் அனுப்பினால், அவர்கள் அதை வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்து, நிதியாண்டு முடிந்த பின் மே 31க்குள் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தர முடியும். பான் எண் கொடுக்காதவர்களிடம் மார்ச் மாதத்துக்குள் ஒருமுறை நினைவூட்டுங்கள்.