தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. ஆனாலும் சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. இரண்டு வருடமாக மார்கழி பிறந்தால் ஆஸ்பத்திரிதான். போன முறை நான்கு நாள் சளியும் இளைப்புமாக இருந்தார். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் விடியற்காலையில் இளைப்பு அடங்கி அயர்ந்து தூங்கினார். அப்பாடா என்றிருந்தோம். பிறகு எழுப்பினால் எழவில்லை. ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்ஹேலர் பழகிப்போய்விடுமா? வாழைப்பழம், தயிர் கொடுக்கலாமா? இது புற்றுநோயில் முடியும் என்று வீடியோவில் சொல்கிறார்களே? வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வாங்கி வைக்கலாமா? சமையலுக்குக் காஸ் அடுப்புதான். வெந்நீருக்கு மட்டும் விறகு.
— ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: வாழைப்பழத்துக்கு அப்புறம் வருகிறேன். பக்கத்திலேயே இருந்தும் அன்று தெரியாமல் போயிற்றே, இன்னொரு இரவில் அப்படி நடந்தால் என்ன செய்வது என்ற கலக்கம்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. நீங்கள் கவனக்குறைவாக இருந்துவிடவில்லை. அது தூக்கம் இல்லை என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆக்சிஜனை உள்ளே வாங்குவதும் கரியமில வாயுவை வெளியே தள்ளுவதும் நுரையீரலின் வேலை. சளி அடைத்த குழாய்களோடு நான்கு நாள் மல்லுக்கட்டிய மூச்சுத் தசைகள் ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோகும். அப்போது கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி, மயக்க மருந்துபோல மூளையை மந்தமாக்கும். இளைப்புச் சத்தம் குறையும், நோயாளி கண்ணயர்வார். வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதியாகத் தெரிகிற அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

ஆகவே, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியானால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். தட்டி எழுப்புங்கள். இன்று என்ன கிழமை, பேரன் எத்தனையாவது படிக்கிறான் என்று கேளுங்கள். பேச்சு குழறினால், பதில் முன்னுக்குப் பின் முரணாக வந்தால், பாதிப் பேச்சிலேயே கண் சொருகினால், 108-ஐ அழையுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாவிட்டாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸில் ஏறியதுமே இவருக்குச் சிஓபிடி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். இவர்களுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்துவதுதான் முறை. அதற்குமேல் தாராளமாகக் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் ஏறக்கூடும்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் இரத்தவாயுப் பரிசோதனை செய்து, தேவை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் வாங்கலாம். அந்தப் பணத்தில் மிகச் சிறு பங்குக்கு விரலில் மாட்டினால் அந்த அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர் கிடைக்கும். அம்மா நலமாக இருக்கும் நாளில் எவ்வளவு காட்டுகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அதிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இனி அந்த நான்கு நாட்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பெயர் தெரியாத நான்கைந்து மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டு "மூணு வேளை" என்று கொடுப்பதையும், அதை வாங்கி விழுங்குவதையும் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! அந்தக் கவரில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் தெம்பு தரும், பசி எடுக்கும், குணமாகிறது என்று தோன்றும். ஸ்டீராய்டை நாங்களும் தருகிறோம். அளவு பார்த்து, சர்க்கரை பார்த்து, பெரும்பாலும் ஐந்தே நாளுக்கு. கவர் மாத்திரையில் அளவும் தெரியாது, நாளும் தெரியாது. சளி, இருமல் என்றால் தூக்கம் வரவழைக்கிற இருமல் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். உங்கள் அம்மாவைப் போன்றவருக்குத் தூக்க மாத்திரையும் அந்த வகை இருமல் மருந்தும் மூச்சையே மட்டுப்படுத்திவிடும்.

இந்த நோய் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் முற்றும். அம்மாவுக்குத் தினமும் வருகிற வெள்ளைச் சளியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, வழக்கமாக நடந்துபோகிற குழாயடிக்கே நின்று நின்று போகிறார் என்றால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். முதல் நாள் போனால் பெரும்பாலும் மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஏன் மார்கழியில் மட்டும்? பனியின்மேல் முழுப் பழியையும் போடுகிறோம். குளிர்காற்றுக்குப் பங்கு உண்டுதான். வெயில் ஏறியபின் கோலம் போடச் சொல்லுங்கள். ஆனால் நோயைக் கிளறிவிடுவதில் முதலிடம் சாதாரணச் சளிக் கிருமிகளுக்கு. அரையாண்டு விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் மூக்கு ஒழுக வந்து பாட்டி மடியில் படுப்பார்கள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சளி இருக்கும் பிள்ளை அந்த மூன்று நான்கு நாள் தள்ளிப் படுக்கட்டும், எல்லோரும் கைகழுவட்டும். ஃப்ளூ தடுப்பூசியை வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன் போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி. வெந்நீருக்கு "மட்டும்" விறகு! பீடி தொடாத உங்கள் அம்மாவின் நுரையீரலைக் கெடுத்தது பெரும்பாலும் இளவயதிலிருந்து ஊதிய விறகடுப்பாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தென்னை மட்டையைப் பிளாஸ்டிக் கவர் வைத்துப் பற்றவைத்து, ஊதுகுழலோடு குனிந்து உட்காருகிறாரே, அந்த ஒரு மணி நேரப் புகை போதும். வெந்நீரையும் காஸிலோ மின்சாரத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் சீக்கிரம் தீருமே என்ற கவலை எனக்குத் தெரியும். ஐ.சி.யூ.வில் கட்டிய பணத்துக்கு எத்தனை சிலிண்டர் வரும் என்று கணக்குப் பாருங்கள். கொசுவர்த்திச் சுருளையும் நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அம்மா இருக்கும் அறையில் வேண்டாம். போகியன்று தெருவில் டயரும் துணியும் எரியும் வேளையில் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு அவர் உள்ளேயே இருக்கட்டும்.

வாழைப்பழம், தயிர் தாராளமாகக் கொடுங்கள். இளைத்துப்போன உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல, பழகிப்போகாது. நன்றாக இருக்கிறது என்று நிறுத்துவதுதான் தொல்லை. இது புற்றுநோயாக மாறுகிற நோய் அல்ல. சளியில் இரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மட்டும் காட்டுங்கள். அந்த வீடியோக்களை இனிமேல் பார்க்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். அம்மாவுக்குக் கண்நீர் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து ஏதும் போடுகிறீர்களா? அதில் டிமோலால் இருந்தால் இளைப்பைக் கூட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். கண் டாக்டரிடம் நுரையீரல் நோயைச் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றிவிடுவார். அடுத்த முறை நுரையீரல் டாக்டரிடம் போகும்போது அந்தச் சொட்டு மருந்து, இன்ஹேலர், வீட்டில் மிச்சமிருக்கும் கவர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இன்ஹேலரை எப்படி இழுக்கிறார் என்று அம்மாவையே அவர் எதிரில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பலருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. இன்ஹேலரின் வாயில் பொருத்துகிற ஸ்பேசர் என்ற குப்பியை வைத்தால் அது நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.