உப்புக்காத்து ஊர்ல கார் வண்டிய வீட்லயே கழுவி பாலிஷ் போடுறது எப்படி? கேட்டவங்களுக்கு பதில்

ராமநாதபுரத்துல டிங்கரிங், பெயிண்ட் ஷெட் வச்சு 17 வருஷம் ஆச்சு. நம்ம பக்கம் வண்டிக்கு முதல் எதிரி உப்பு, கீறல் எல்லாம் அப்புறம்தான். அத மனசுல வச்சுத்தான் பதில் சொல்றேன். புதுசா ஆரம்பிக்கிறவங்க எது வேணாலும் தயங்காம கேளுங்க.

உச்சிப்புளில இருந்து: அண்ணே, புது கார் எடுத்து 2 மாசம் ஆகுது. தினமும் காலைல பழைய பனியன் துணியால தொடச்சிருவேன். கழுவ வேற வேணுமா?

தம்பி, அந்த தொடைக்கிற வேலைய இன்னையோட விட்டுருங்க. ராத்திரி பூரா கடல்காத்துல வந்த உப்பும் பொடிமணலும் பானெட் மேல உக்காந்திருக்கும், அது மேல காஞ்ச துணிய வச்சு தேய்ச்சா உப்புத்தாள் போட்டு தேய்க்கிறதுக்கு சமம். வெயில்ல நிறுத்தி சாய்ஞ்சு பாருங்க, சிலந்தி வலை மாதிரி வட்டவட்டமா கீறல் தெரியும். பெயிண்டுக்கு மேல இருக்குற கிளியர் கோட் பொதுவா 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடி பெரும்பாலும் அதவிட தடிமன். வாரத்துக்கு ஒருக்கா ஒழுங்கா கழுவுங்க போதும். கச்சான் காத்து பேய் மாதிரி அடிக்கிற ஆடி மாசத்துல மட்டும் நடுவுல ஒருக்கா வெறும் தண்ணி அடிச்சு விட்டுருங்க, துணி வைக்காதீங்க.

கீழக்கரை: காக்கா, எங்க போர் தண்ணி வாயில வைக்க முடியாது. அதுல கழுவுனா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா திட்டு விழுது. நல்ல தண்ணிய குடம் கணக்குல காசு குடுத்து வாங்குறோம், அத கார்ல ஊத்த மனசு வரல.

மனசு வராததுதான் நியாயம், குடிதண்ணிய கார்ல கொட்டுங்கன்னு நானும் சொல்ல மாட்டேன். தண்ணி ஆவியா போயிரும், அதுல இருக்குற சுண்ணாம்பும் மெக்னீசியமும் உப்பும் மட்டும் அப்படியே ஒட்டிக்கும், அதுதான் அந்த திட்டு. அதனால மண்ணு இறக்குறது, சோப்பு போட்டு அலசுறது வரைக்கும் போர் தண்ணிலயே முடிங்க, நுரை கொஞ்சம் கம்மியா வரும் பரவால்ல. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணி, மக்குல மொண்டு கூரைல இருந்து மெதுவா வழிய விட்டா சின்ன காருக்கு போதும். வழிஞ்ச உடனே துணியால ஒத்தி எடுத்துரணும், தானா காயட்டும்னு விடக்கூடாது. இன்னொண்ணு, வீட்ல ஏசி இருந்தா வெளிய சொட்டுற தண்ணிய வாளில புடிச்சு வைங்க. அது காத்துல இருந்து இறங்குன தண்ணி, சுண்ணாம்பு கிடையாது, கடைசி அலசலுக்கு அருமையா இருக்கும். மழைத்தண்ணியும் அப்படித்தான். ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணிய மட்டும் தொடாதீங்க, அதுல உப்பு கூடிப்போய் இருக்கும். ஏற்கனவே விழுந்த திட்டுக்கு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணியும் பாதிக்கு பாதி கலந்து, நிழல்ல, துணில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு எடுத்துட்டு நல்லா அலசிருங்க, காய விட்டுறாதீங்க. அதுக்கும் போகலைன்னா கிளியர் கோட்டையே அரிச்சிருச்சுன்னு அர்த்தம், பாலிஷ் போட்டுத்தான் ஆகணும்.

தொண்டி: எதுல ஆரம்பிக்கணும்னே தெரியலண்ணே. பாத்திரம் கழுவுற லிக்விட் போதுமா?

லிக்விட் வேணாம், எண்ணெய்ப் பிசுக்க எடுக்குற மாதிரியே பெயிண்டுக்கு காப்பா மேல பூசியிருக்குற வேக்ஸையும் எடுத்துட்டு போயிரும். காருக்குன்னு விக்கிற ஷாம்பூ ஒரு பாட்டில் வாங்குனா பல மாசம் வரும், வாளிக்கு ஒண்ணு ரெண்டு மூடிதான் ஊத்துறது. வண்டிய நிழல்ல நிறுத்துங்க, பானெட்ல கைய வச்சா சுடக்கூடாது. சக்கரத்த முதல்லயே தனி துணி தனி வாளி வச்சு கழுவிருங்க, அதுல பிரேக் தூள் இருக்கும், அந்த துணி மறந்தும் பாடில படக்கூடாது. அப்புறம் வெறும் தண்ணிய மேல இருந்து கீழ அடிச்சு மண்ண இறக்குங்க, இதுல அவசரப்படுறவங்கதான் பின்னாடி கீறலோட என் ஷெட்டுக்கு வர்றாங்க. ரெண்டு வாளி வேணும், ஒண்ணுல சோப்புத்தண்ணி இன்னொண்ணுல வெறும் தண்ணி, துணிய சோப்புல முக்கி ஒரு கதவு தேய்ச்சதும் வெறும் தண்ணி வாளில நல்லா அலசி மண்ண உதிர்த்துட்டு திரும்ப சோப்புல முக்கணும், இல்லன்னா அழுக்க எடுத்து அழுக்கையே தேய்ப்பீங்க. கூரை, கண்ணாடி, பானெட், கதவு மேல்பாதின்னு வந்து கதவோட அடிப்பக்கம் கடைசி. வட்டமா தேய்க்காதீங்க, நேரா இழுங்க, அழுத்தவே வேணாம். துணி கீழ விழுந்துச்சா, அன்னைக்கு அத காருக்கு எடுக்காதீங்க.

ராமேஸ்வரம்: போன ஞாயித்துக்கிழமை தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போனோம், காத்து பலமா அடிச்சு அலைத்தெளி எல்லாம் காருக்கு மேலயே. மேல கழுவிட்டேன். போதுமா அண்ணே?

போதாது தம்பி. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்ததுல இருந்து சொந்த வண்டியிலயே எல்லாரும் போறோம், ரெண்டு பக்கமும் கடல், தெளி எல்லாம் அடியில போய் ஒட்டிக்கும். உப்பு ஈரத்த இழுத்து வச்சுக்கும், அடுப்படில உப்பு ஜாடி மழைக்காலத்துல கசிஞ்சு போகுதுல்ல, அதே கதைதான் சேஸிஸ்லயும், காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா ராத்திரி ஈரக்காத்துல திரும்ப நனையும், இரும்ப தின்னுக்கிட்டே இருக்கும். 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் துரு தடுக்குற பாலிசிலோக்சேன் பூச்சும் குடுத்திருக்காங்கன்னா நம்ம கடல் உப்பு எப்படிப்பட்டதுன்னு பாத்துக்குங்க. அன்னைக்கே, முடியாட்டி மறுநாள் காலைலயாவது, ஹோஸ நீட்டி மக்கார்டு உள்பக்கம், சைலன்ஸர், அடித்தட்டு எல்லாம் 10 நிமிஷம் தண்ணி அடிங்க, கூடுமானவரைக்கும் நல்ல தண்ணி. கதவோட அடி விளிம்புல சின்னச்சின்ன ஓட்டை இருக்கும், தண்ணி வடியிறதுக்கு. அதுல மணல் அடைச்சிருந்தா தீக்குச்சியால குத்தி விடுங்க. மேல கண்ணாடி மாதிரி மின்னிக்கிட்டு கதவு அடி மட்டும் அப்பளமா நொறுங்குன வண்டிய நான் எத்தனையோ வெட்டி ஒட்டியிருக்கேன், எல்லாத்துலயும் அந்த ஓட்டை அடைச்சுத்தான் கிடந்துச்சு.

தங்கச்சிமடம்: டிக்கில மீன் பெட்டி ஏத்துறேன். வாடை போக மாட்டேங்குது.

வாடைய விடுங்க, அந்த ஐஸ் தண்ணி உப்புத்தண்ணி. ஸ்டெப்னி டயர் இருக்குற குழிய தூக்கி பாருங்க, அங்க தேங்கியிருக்கும். மேட்ட எடுத்துட்டு ஈரத்துணியால ரெண்டு மூணு தடவை தொடச்சு வெயில்ல டிக்கிய திறந்து வச்சு காய விடுங்க. இனி பெட்டிக்கு அடியில மடிப்பு உயர்ந்த தார்ப்பாய் விரிங்க.

சாயல்குடி: பாலிஷ், வேக்ஸ், காம்பவுண்ட் எல்லாம் ஒண்ணா அண்ணே? என்னோடது 2012 சிவப்பு வண்டி, வெளுத்துப்போச்சு.

மூணும் வேற. காம்பவுண்டும் பாலிஷும் தேய்க்கிற பொருள், கிளியர் கோட்ட கொஞ்சம் சுரண்டித்தான் கீறல மறைக்கும், காம்பவுண்டு முரடு, பாலிஷ் மெல்லிசு. வேக்ஸ் ஒண்ணையும் எடுக்காது, மேல பூச்சா நிக்கும், உப்பும் வெயிலும் நேரா படாம காக்கும். அதனால பாலிஷ வருஷத்துக்கு ஒருக்கா, தேவைப்பட்டா மட்டும். வேக்ஸ நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போடுங்க. கழுவி காஞ்சதும் கைல பாலிதீன் கவர மாட்டிக்கிட்டு தடவுங்க, சொரசொரன்னு இருந்தா முதல்ல கிளே பார் (ஒட்டுன அழுக்க இழுத்து எடுக்குற, களிமண் மாதிரி மெத்துன்னு இருக்குற கட்டி) போட்டு எடுக்கணும், ஷாம்பூத்தண்ணிய வழுக்க வழுக்க தெளிச்சுக்கிட்டு. கிளே மண்ணுல விழுந்தா தூக்கிப்போட்டுருங்க. உங்க வண்டிக்கு ஒரு சோதனை இருக்கு, வெளுத்த இடத்துல கொஞ்சம் பாலிஷ் வச்சு வெள்ளைத்துணியால கையால தேய்ங்க. துணில சிவப்பு ஏறுனா அங்க கிளியர் கோட் இல்ல, மெஷின் வச்சா அடிப்பூச்சு தெரிஞ்சிரும், கையாலயே லேசா செஞ்சு வேக்ஸ் போடுங்க. கிளியர் கோட் தோல் தோலா உரிஞ்சிருந்தா எந்த பாலிஷும் கேக்காது, அந்த பேனல மட்டும் பெயிண்ட் அடிக்கிறதுதான் வழி.

தேவிபட்டினம்: வேப்பமரத்தடிலதான் நிறுத்த இடம் இருக்கு தம்பி. பறவை எச்சம் காஞ்சு போகுது, நகத்தால சுரண்டலாமா?

வேணாம்க்கா. ஈரத்துணிய அது மேல 5 நிமிஷம் போட்டு வைங்க, ஊறி தானா வந்துரும். அது அமிலம், வெயில்ல ஒரு நாள் கிடந்தாலே தழும்பு விழும், பாத்த உடனே எடுத்துருங்க.

பெரியபட்டினம்: டாஷ்போர்டுக்கு தேங்காண்ணெய் போடலாமா? டயர் பாலிஷ்?

தேங்காண்ணெய் வேணாம், தூசிய புடிக்கும், வெயில் பட்டா கண்ணாடில எதிரொளிச்சு கண்ண கூசும். ஈரத்துணி போதும். டயர் பாலிஷ பக்கவாட்டுல மட்டும், ரோட்ல படுற இடத்துல தடவுனா வழுக்கும்.

மண்டபம்: கழுவி முடிச்ச உடனே கவர் போட்டு மூடிரலாமா?

உடனே மூடாதீங்க. கதவு, டிக்கி, பானெட் எல்லாம் திறந்து பீடிங் (ஓரத்து ரப்பர்) பக்கத்துல நிக்கிற தண்ணிய தொடச்சுட்டு தெருவுல ஒரு சுத்து ஓட்டி நாலஞ்சு தடவை பிரேக் அழுத்துங்க, டிஸ்க் காஞ்சிரும், இல்லன்னா மறுநாளே செம்பழுப்பா துரு படியும். கடல பாத்த வீடா இருந்தா கவரே வேணாம், காத்துல அது அடிச்சுக்கிட்டே கிடக்கும், உள்ள புகுந்த மணலோட சேர்ந்து கூரைய ராவிரும். காத்து படாத ஷெட்டுக்குள்ளன்னா போடலாம், வண்டி முழுசா காஞ்சதுக்கு அப்புறம்.