வைட்டமின் டி குறைந்தால் சர்க்கரை நோய் வருமா?

கேள்வி: எனக்கு 43 வயது. அம்மா, அப்பா இருவருக்குமே சர்க்கரை நோய் உண்டு. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 5.9 என்றும், வைட்டமின் டி 14 நானோகிராம் என்றும் வந்திருக்கிறது. வைட்டமின் டி குறைந்தால் சர்க்கரை வந்துவிடும், மாத்திரை போட்டு அதை ஏற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா, டாக்டர்? மாத்திரை எவ்வளவு, எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? என் 14 வயது மகனுக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் உங்கள் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்த்துவிடுவோம். எச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் அளவு. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5-ம் அதற்கு மேலும் போனால் சர்க்கரை நோய். இடையில் இருப்பதைப் பிரீ டயாபடிஸ் என்கிறோம். நீங்கள் அந்த இடைநிலையின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள். வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை, 20 இருந்தால் போதுமா, 30 வேண்டுமா என்று மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் 14 என்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் குறைவுதான். (சில ஆய்வகங்கள் இதையே நானோமோல் அளவில் தருவார்கள். அந்த எண்ணை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கணக்கு வந்துவிடும்.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால், அவர்களில் அதிகம் பேருக்குச் சர்க்கரை நோய் வருகிறது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அதற்குக் காரணமும் சொல்ல முடியும். இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் வைட்டமின் டி-யை ஏற்றுக்கொள்ளும் புரதம் இருக்கிறது. இன்சுலின் வெளியேறுவதற்குக் கால்சியம் தேவை, அந்தக் கால்சியத்தின் போக்கை ஒழுங்குபடுத்துவதில் வைட்டமின் டி-க்குப் பங்கு உண்டு. எனவே தொடர்பு இருப்பதாகச் சொல்பவர்கள் ஆதாரமில்லாமல் பேசவில்லை.

ஆனால் இரண்டும் சேர்ந்தே வருவதால் மட்டும் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடம்பில் கொழுப்பு கூடும்போது அது அங்கே பரவித் தங்கிவிடுகிறது, ரத்தத்தில் அளவு குறைந்து தெரிகிறது. நாள் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வெயிலும் கிடைப்பதில்லை, உடல் உழைப்பும் இருப்பதில்லை. இதே தொப்பைக் கொழுப்பும் இதே உட்கார்ந்த வாழ்க்கையும்தான் சர்க்கரை நோயையும் கொண்டுவருகின்றன. அதாவது பலரிடம் குறைந்த வைட்டமின் டி என்பது நோயின் காரணமாக இல்லாமல், அந்த வாழ்க்கை முறையின் அடையாளமாகவே இருக்கிறது.

அப்படியானால் மாத்திரை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே? பார்த்தார்கள். அமெரிக்காவில் பிரீ டயாபடிஸ் உள்ள 2,423 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி3, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது. சுமார் இரண்டரை ஆண்டுகளில், வைட்டமின் சாப்பிட்டவர்களில் 293 பேருக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு உறுதியாக இல்லை. பின்னர் இதையும் நார்வே, ஜப்பான் ஆய்வுகளையும் சேர்த்து, 4,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக அலசினார்கள். 2023-ல் வந்த அந்த முடிவின்படி ஆபத்து சுமார் 15% குறைகிறது. கேட்க நன்றாக இருக்கும் எண்தான். நடைமுறையில் இதன் பொருள்: பிரீ டயாபடிஸ் உள்ள 30 பேர் மூன்று ஆண்டுகள் விடாமல் சாப்பிட்டால், அவர்களில் ஒருவருக்கு அந்தக் காலத்துக்குள் சர்க்கரை நோய் வராமல் தடுக்கலாம். மற்ற 29 பேருக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முடிவு ஒன்றுதான்.

உங்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம் இதில் இருக்கிறது. அந்த அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது. நிரம்பிய பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் என்ன பெரிதாக மாறும்? தொடக்கத்தில் 12-க்கும் கீழே இருந்த ஒரு சிறு குழுவில் பலன் கூடுதலாகவே தெரிந்தது. குழு மிகச் சிறியது என்பதால் அதை வைத்து உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் குறைபாடு உள்ளவருக்கு அதைச் சரிசெய்வதால் சர்க்கரை விஷயத்திலும் கொஞ்சம் நன்மை இருக்கலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டலில், ஆபத்து அதிகம் உள்ள பிரீ டயாபடிஸ் நோயாளிகளுக்கு வாழ்க்கை முறை மாற்றத்தோடு சேர்த்து வைட்டமின் டி தரலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. ‘சேர்த்து’ என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே மாத்திரை சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். சர்க்கரை வரும் என்ற பயத்துக்காக அல்ல, உங்கள் எலும்புக்கும் தசைக்கும் 14 போதாது என்பதற்காக. அளவை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். பொதுவாக முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு முறை அதிக டோஸ், அப்புறம் தினமும் 1,000 முதல் 2,000 யூனிட் என்று போவது வழக்கம். கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மூன்று மாதம் கழித்து ஒரு முறை அளவைப் பார்த்தால் போதும், அதற்கு முன் பார்ப்பதில் பயனில்லை. வெயிலும் உதவும்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாகும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அது உருவாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த அதிக டோஸ் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வெயிலால் வைட்டமின் டி அளவுக்கு மீறாது, மாத்திரையால் மீறும். மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரும். சிறுநீரகமும் கெடலாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தினமும் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்குச் சிறுநீரகக் கல் வந்திருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை மாத்திரை சாப்பிட்டாலோ, தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, சர்க்கரையைத் தடுக்க உண்மையிலேயே எது வேலை செய்கிறது? 2002-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகம் உள்ள 3,234 பேர் கலந்துகொண்டார்கள். எடையில் 7% குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்வது என்ற இலக்குகளோடு இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58% குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31% குறைந்தது. வைட்டமின் டி-யின் 15 சதவீதத்தை இந்த 58-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் நேரமும் கவனமும் எங்கே போக வேண்டும் என்பது தெரியும். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை. 70 கிலோ இருந்தால், 7% என்பது 5 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. முடியாத காரியம் இல்லை. இரு பெற்றோருக்கும் சர்க்கரை இருந்த உங்களுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இப்போதைக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: நீங்கள் பெண்ணாக இருந்தால், உங்கள் வயதில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைபாட்டால் ரத்தசோகை இருக்கும். அது எச்பிஏ1சி-யை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். எனவே ஹீமோகுளோபினையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 மில்லிகிராம் வந்தால் பிரீ டயாபடிஸ் உறுதி. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை தேவை.

மகனுக்கு உங்கள் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். குழந்தைப் பருவத்தில் வைட்டமின் டி பெற்றவர்களுக்கு டைப் 1 சர்க்கரை நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது) குறைவாக வந்ததாக ஃபின்லாந்தில் 1966-ல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு சொன்னது உண்மை. ஆனால் அது கைக்குழந்தைகளைப் பற்றியது, அதுவும் கவனித்துப் பதிவுசெய்த ஆய்வுதான், மருந்து கொடுத்துச் சோதித்தது அல்ல. உங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் எடையோடும் வாழ்க்கை முறையோடும் தொடர்புடைய டைப் 2 வகையாக இருக்கும். 14 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட். வெளியே ஓடி விளையாடி, முட்டை, மீன், வைட்டமின் சேர்த்த பால் என்று சாப்பிடுகிற பையனுக்குத் தனியாக மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. அவன் எடை வயதுக்கு மீறி இருந்தால் மட்டும், தாத்தா பாட்டி இருவருக்கும் சர்க்கரை இருப்பதைச் சொல்லி, அவனுக்கும் ஒரு முறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.