பதில்: மசினகுடியில் செந்தலைப் பாறு கண்ணில் படவே இல்லை

வணக்கம். நீலகிரி மசினகுடியில் செந்தலைப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகை விடியற்காலை 6 மணிக்கே கிளம்பித் தேடியும், இன்னொரு வகையான வெண்முதுகுப் பாறு மட்டும்தான் தென்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை மாற்றிப் பாருங்கள். பாறுகள் சிறகடித்து உயரே போவதில்லை. தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழும்போதுதான் அதில் ஏறி வட்டமிடும். காலை 9 மணிக்கு மேல் மசினகுடி ஊரை ஒட்டி, வானம் அகலமாகத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.

வெண்முதுகுப் பாறு கூட்டமாக வரும். செந்தலைப் பாறு பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோதான் பறக்கும். அதனால் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஓரமாகத் தனியே சுற்றுவதையும் கவனியுங்கள். உயரத்தில் தலையின் சிவப்பு சுலபமாகத் தெரியாது. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு, இறக்கையின் நடுவே நீளவாக்கில் மெல்லிய வெளிர்கோடு, தொடையோரம் இரண்டு வெள்ளைத் திட்டு. இது போதும். வெண்முதுகுப் பாறுக்கோ இறக்கையின் அடியில் முன்பாதியே பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

அப்புறம், பள்ளத்தாக்குக்குள் இறங்கிக் கூட்டைத் தேடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். டைக்ளோஃபெனாக் என்கிற வலிநிவாரணி மருந்து ஏறிய மாட்டுச் சடலங்களைத் தின்று இந்தியா முழுவதும் பாறுகள் பெருமளவில் அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்த பிறகும் எண்ணிக்கை பழையபடி ஏறவில்லை. வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். ஆள் நடமாட்டத்தால் ஒரு கூடு கைவிடப்பட்டால்கூட பெரிய இழப்பு. படம் கிடைத்தாலும் கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.