பெயர் முதலில், குரல் அப்புறம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் நடக்கும் கால்பந்துப் போட்டிகளில் மைக் பிடிப்பவன். தாத்தாவின் ரேஸ் பைத்தியத்தால் எங்கள் வீட்டில் குதிரை என்றாலே கெட்ட வார்த்தை. ஆனாலும் யூடியூபில் பழைய பந்தயங்களைப் பார்க்க ஆரம்பித்து இப்போது விட முடியவில்லை. அமெரிக்காவில் நடந்த 1973 பெல்மான்ட் பந்தயத்தில் செக்ரட்டேரியட் என்ற குதிரை ஓடியதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதில் பாதி அந்த வர்ணனையாளரின் குரலால் வந்தது. அதற்கு நேர்மாறு அதே நாட்டின் 2022 கென்டக்கி டெர்பி பந்தயம். ஜெயித்த குதிரையின் பெயரே வர்ணனையாளர் வாயில் கடைசி நேரத்தில்தான் வருகிறது. இரண்டு நிமிட வேலை, இருபது பெயர். சம்பளம் வாங்கிக்கொண்டு இதைக்கூடச் செய்ய முடியாதா? நானெல்லாம் ஒரு முழு ஆட்டத்தை மூச்சு விடாமல் சொல்கிறேன். குதிரைப் பந்தய வர்ணனையில் அப்படி என்ன கஷ்டம்? நீங்கள் பார்த்ததில் சிறந்த ஓட்டம் எது? தமிழில் இப்படி ஒரு வர்ணனை நடக்குமா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தாத்தா மாதிரி ஆட்களை ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். ரேஸ் புக்கை நாலாக மடித்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கிண்டியில் இறங்குவார்கள். திரும்பி வரும்போது சிலர் கையில் பென்சில் மட்டும் இருக்கும். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம், வெறும் சூதாட்டம் அல்ல என்றது. 2024 செப்டம்பரில் அரசு கிண்டி மைதானத்துக்கே சீல் வைத்தது. சட்டம் என்ன சொன்னாலும் உங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தையாக இருந்ததில் நியாயம் உண்டு. பந்தயம் கட்டாமல் பாருங்கள். அதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். 2022இல் ஜெயித்த ரிச் ஸ்டிரைக் யார் என்று முதலில் பாருங்கள். ஓடுவதாகவே இல்லாத குதிரை அது, காத்திருப்புப் பட்டியலில் நின்றது. பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, கெடு முடியப்போகிற நேரத்தில் வேறொரு குதிரை விலகியதால் உள்ளே வந்தது. விலை 80க்கு 1, அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் எண்பது ரூபாய் லாபம். இருபது குதிரைகளில் கடைசிக் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தது. முன்னால் எபிசென்டரும் ஜாண்டனும் தோளோடு தோள் மோதிக்கொண்டிருந்தன. மைதானத்தில் இருந்தவர்கள், டிவி பார்த்தவர்கள், என்பிசி டிவியின் வர்ணனையாளர் லாரி கால்மஸ் எல்லாருடைய கண்ணும் அங்கேதான். ரிச் ஸ்டிரைக் உள் வேலியை ஒட்டிச் சந்து பொந்தில் நுழைந்து வந்து, இரண்டையும் தாண்டி முக்கால் லெங்த்தில் ஜெயித்தது. ஒரு லெங்த் என்பது குதிரையின் உடல் நீளம், ஏறக்குறைய எட்டடி.

நீங்கள் மைக் பிடிக்கிற ஆட்டத்தில் பந்து இருக்கிறது, தம்பி. எங்கே பார்க்க வேண்டும் என்று பந்தே சொல்லிவிடும். குதிரைப் பந்தயத்தில் பந்து கிடையாது. எங்கே பார்ப்பது என்பதை வர்ணனையாளர் ஒவ்வொரு விநாடியும் தானே முடிவு செய்ய வேண்டும். ஒன்றைப் பார்த்தால் பத்தொன்பதை விட்டதாகத்தான் கணக்கு. ஒரு குதிரை யாரும் பார்க்காத இடத்திலிருந்து வந்து எல்லாரையும் அசத்துகிறது என்றால், வர்ணனையாளரும் அந்த ‘யாரும்’ல் ஒருவர்தானே? பிரமாதமான ஓட்டமாக இருக்க இருக்க அதைச் சொல்வதும் கஷ்டமாகிக்கொண்டே போகும். இந்த வேலையின் வம்பே இதுதான். எல்லாரும் எதிர்பார்த்த குதிரை, எதிர்பார்த்த மாதிரி ஜெயித்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் புரியும். கூட்டமாக ஓடும்போது சேணத் துணியில் இருக்கும் எண் தெரியாது. ஜாக்கியின் சட்டை, தொப்பி நிறத்தை வைத்துத்தான் அடையாளம். அந்த நிறம் குதிரைக்குச் சொந்தமானது அல்ல, முதலாளிக்கு. ஒரே முதலாளியின் இரண்டு குதிரைகள் ஒரே பந்தயத்தில் ஓடினால் சட்டை ஒன்றுதான், தொப்பி மட்டும் வேறு. பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும்போதும், அவை ஓட்டம் தொடங்கும் கேட்டுக்குப் போகும்போதும் பைனாகுலரில் பார்த்து, ‘மஞ்சள் சட்டை, கறுப்புக் கை, சிவப்புத் தொப்பி, இன்ன பெயர்’ என்று மனசுக்குள் உருப்போட வேண்டும். பந்தயம் முடிந்ததும் அத்தனையையும் துடைத்துப் போட வேண்டும். அரை மணி நேரத்தில் அடுத்த பந்தயம், அதே மஞ்சள் சட்டை வேறு குதிரை மேல் வரும். மனப்பாடம் செய்வதைவிட இந்த மறதிதான் பெரிய வித்தை என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் நல்ல வெளிச்சத்தில். அமெரிக்காவில் பெரிய பந்தயங்கள் பெரும்பாலும் மண் தடத்தில்தான் நடக்கும். முன்னால் போகும் குதிரை கிளப்பும் மண் பின்னால் வருபவர் மேல் வாரி அடிக்கும். ஜாக்கிகள் நாலைந்து கண்ணாடிகளை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, அழுக்காக ஆக ஒவ்வொன்றாகக் கீழே இழுத்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்காவது மாற்றுக் கண்ணாடி உண்டு, சட்டைக்கு? மழை பெய்த நாளில் இருபது பேரும் சேற்று நிறம்தான்.

உருப்போடுவது எங்கே காப்பாற்றும் என்பதற்கு 1967 கிராண்ட் நேஷனலைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் எய்ன்ட்ரியில் நடக்கும் தடை தாண்டும் பந்தயம். அந்த ஆண்டு 44 குதிரைகள். நாலரை மைல் ஓட்டம் முழுவதும் ஒரே ஆளின் கண்ணுக்கு எட்டாது என்பதால் பிபிசி பல இடங்களில் வர்ணனையாளர்களை நிறுத்தும். 23ஆவது தடை, உயரம் குறைவான தடைகளில் ஒன்று. ஜாக்கியை ஏற்கெனவே கீழே தள்ளிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை அங்கே குறுக்கே திரும்பியது. அவ்வளவுதான், வந்தவை எல்லாம் முட்டி மோதி நின்றன, விழுந்தன, திரும்பி ஓடின. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொய்னவான் என்ற குதிரை அந்தக் குழப்பத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடித்துத் தாண்டிப் போய்விட்டது. விலை 100க்கு 1. அதன் பயிற்சியாளர்கூட அன்று எய்ன்ட்ரியில் இல்லை, வேறு ஊரில் வேறொரு பந்தயத்தில் இருந்தார்.

இந்தக் களேபரத்தை மைக்கில் சொல்ல வேண்டியிருந்தவர் அயர்லாந்துக்காரர் மைக்கேல் ஓ’ஹெஹிர். விழுந்தவை, நின்றவை என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே வந்தவர், தனியாகத் தாண்டிய அந்த ஒரு குதிரையைச் சட்டென்று ‘ஃபொய்னவான்’ என்றார். காரணம் மிகச் சாதாரணம். பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கிகள் அறைக்குப் போனபோது தனக்குத் தெரியாத ஒரு நிறச் சட்டையைப் பார்த்து, ‘இது எந்தக் குதிரை’ என்று அந்த ஜாக்கியிடமே கேட்டு வைத்திருந்தார். ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று ஊரே ஒதுக்கிய குதிரையின் பெயரை ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டார், அது மைக்கில் உதவியது. அவர் குரல் எப்படி இருந்தது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அந்தத் தடைக்கு இன்று ஃபொய்னவான் என்றே பெயர்.

உங்களைச் சிலிர்க்க வைத்த பெல்மான்ட்டுக்கு வருவோம். அதன் வர்ணனையாளர் சிக் ஆண்டர்சன் சொன்ன ‘பிரம்மாண்டமான இயந்திரம் மாதிரி ஓடுகிறான்’ என்ற வாக்கியத்தை ஊர் உலகமே சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதற்குப் பின்னால் வருவதுதான் பிடிக்கும்: செக்ரட்டேரியட் 12 லெங்த், 14 லெங்த் என்று அவர் எண்ணிக்கொண்டே போகிறார். இடைவெளி விரிய விரிய, பின்னால் வருபவர்களையும் திரைக்குள் அடக்குவதற்காக கேமரா பின்வாங்குகிறது, குதிரை சின்னதாகிறது. கடைசியில் 31 லெங்த். கிட்டத்தட்ட 75 மீட்டர். ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடியது, மண் தடத்தில் அந்தத் தூரத்துக்கு இன்றும் அதுதான் சாதனை. இப்படி ஒரு இடைவெளியைக் கண்ணால் அளந்து பழக்கப்பட்டவர் யாரும் இல்லை. அதனால் ஆண்டர்சன் எண்களைப் பிடித்துக்கொண்டார். உவமை ஒன்றுதான், மற்றதெல்லாம் கணக்கு.

இதே ஆண்டர்சன் 1975 கென்டக்கி டெர்பியில் கடைசி நேரோட்டத்தில் குதிரையையே மாற்றிச் சொன்னார். முன்னால் வந்தது ஃபூலிஷ் பிளெஷர், அவர் வாயில் வந்தது பிரின்ஸ் தௌ ஆர்ட். அப்புறம் திருத்திக்கொண்டார். அதே கண், அதே குரல்தான். கால்மஸைத் திட்டும் முன் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் தாத்தா கேட்டால் நம்ப மாட்டார், ஆனாலும் சொல்கிறேன்: அந்த பெல்மான்ட்டில் செக்ரட்டேரியட் மேல் கட்டி ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617 இன்று வரை காசாக்கப்படவே இல்லை. 2 டாலர் டிக்கெட்டுக்கு 2 டாலர் 20 சென்ட்தான் கிடைத்திருக்கும், போகட்டும் என்று ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்கள். நம்ம பக்கம் ஜெயித்த டிக்கெட்டை யாராவது அப்படி வைத்திருப்பார்களா?

சிறந்த ஓட்டம் எது என்று கேட்டீர்கள். என் ஓட்டு தோற்ற குதிரைக்கு. அதே 1973, கிராண்ட் நேஷனல். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிஸ்ப், முதுகில் 76 கிலோ. துரத்திய ரெட் ரம்முக்கு அதைவிடப் பத்து கிலோ குறைவு. முப்பது தடைகள். கிரிஸ்ப் பெரும் இடைவெளியில் தனியாக முன்னால் ஓடி, கடைசித் தடையையும் முதலாவதாகத் தாண்டி, அதன் பிறகு கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் தள்ளாடி, கோட்டுக்கு ஒட்டின இடத்தில் முக்கால் லெங்த்தில் தோற்றது. இரண்டு குதிரைகளுமே பழைய சாதனையைத் தகர்த்திருந்தன. 31 லெங்த்தில் ஜெயித்ததைப் பார்த்தால் வாய் பிளக்கிறோம். கிரிஸ்ப்பைப் பார்த்தால் எழுந்து நின்று கத்தத் தோன்றுகிறது. ரெட் ரம் அப்புறம் 1974, 1977 என மேலும் இரண்டு முறை ஜெயித்தது, அதன் பெருமையில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாளில் நான் கிரிஸ்ப் கட்சி.

அந்தக் காலத்தின் பெரிய குரல் பீட்டர் ஓ’சல்லிவன். 1947 முதல் 1997 வரை பிபிசியில் இருந்தவர். 1974இல் இங்கிலாந்தின் செல்டென்ஹாம் மைதானத்தில் அவருடைய சொந்தக் குதிரை அட்டிவோ ஜெயித்த பந்தயத்தை அவரே சொல்ல வேண்டி வந்தது. முதலாவது அட்டிவோ, உரிமையாளர் பீட்டர் ஓ’சல்லிவன் என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். உங்கள் தெரு டீம் கோல் போடும்போது உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

தமிழில் நடக்குமா என்றால், ஏன் நடக்காது? வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பெயர், இடம், இடைவெளி, அடுத்த பெயர். ‘முன்னால் கிரிஸ்ப், பத்து லெங்த், ரெட் ரம் ரெண்டாவது, வெளிப்பக்கம்...’ இப்படியே போகலாம். கபடிக்கும் மஞ்சுவிரட்டுக்கும் நம் ஆட்கள் இதைத்தான் செய்கிறார்கள். மாடு பிடிப்பவனின் பனியன் எண் தெரியாமல் வர்ணனை பண்ண முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு பந்தயத்தை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே போனில் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். முடிவு தெரிந்த பந்தயம் வேண்டாம், அது ஏமாற்று. பத்துக்கு மேல் குதிரைகள் இருக்கட்டும். ஓடுவதற்கு முன் நிறப் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எனக்கும் அனுப்பி வையுங்கள், கேட்கிறேன். எக்கோ மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்